அரை உயரக் கார்ட்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், பீங்கான் கோப்பைகளுக்கும் ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில், மூன்று விசிறி வைத்த கறுப்புச் செங்கல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கோப்பைகளை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது கம்பியூட்டருக்குப் போடுகிற கிராபிக்ஸ் கார்ட் என்று முதலில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அலங்காரச் சாமான் என்று சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதை அனுப்பியவன் றம்ஸி, என் மதினியின் தம்பி, கட்டாரில் வேலை. மதினி என்றால் மபாஸா, என் நானா, அதாவது அண்ணன் யாகூபின் மனைவி. கலேவெலயில் பிறந்து, மாத்தளைப் பக்கத்து நாலந்தாவுக்கு எங்கள் வீட்டு மருமகளாக வந்தவர். அவர் செய்கிற தொழில் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிச் சேர்ப்பது. அதிலும் பெண்கள் பக்கத்து வீடியோ மட்டும். கேமரா பிடிப்பது நான்.

எங்கள் கல்யாணங்களில் பெண்களுக்குத் தனி மண்டபம், அல்லது ஒரு திரைக்கு அந்தப் பக்கம். அங்கே ஆண்கள் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் முக்காட்டை எடுத்துவிட்டு, தலை வாரி, நகை போட்டு, ஆசைதீரச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். அதைப் படம் எடுத்தால் அந்தப் படம் எங்கே போகும், யார் கண்ணில் படும் என்ற பயத்தில் பல வீடுகளில் கேமராவே வேண்டாம் என்பார்கள். மதினி ஒரு வாக்குக் கொடுத்துத்தான் அந்த வீடுகளுக்குள் போனார். வீடியோ தன் அறையை விட்டு வெளியே போகாது, முடிந்ததும் பெண்ணின் உம்மா கையில் நேராகக் கொடுப்பேன், அதுவரை அது என்னிடம் நம்பி ஒப்படைத்த அமானிதம் என்ற வாக்கு. அதனால் அந்தக் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. என் நானாவுக்குக் கூட அந்த அறைக்குள் வேலை நடக்கும்போது அனுமதி கிடையாது. தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டு இருமிவிட்டுப் போவார்.

மதினியின் கல்யாணத்தில் மணப்பெண்ணை யாரும் படம் எடுக்கவில்லை. படம் எடுக்க வந்தவன் ஆண் என்பதால் அவருடைய வாப்பா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை நிற்கிற படங்கள் ஒரு அல்பம் நிறைய இருக்கின்றன. தான் அன்று என்ன நிறம் உடுத்திருந்தோம் என்பதில் கூட மதினிக்கும் அவருடைய உம்மாவுக்கும் இன்றுவரை சண்டை. இந்தத் தொழிலுக்கு அவர் ஏன் வந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்தக் கம்பியூட்டர் ஒரு கந்தோரில் கிளார்க் மேசையில் தேய்ந்து தேய்ந்து வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றது. மேசையில் படுக்க வைக்கிற ஒல்லியான பெட்டி. போட்டோக்களை ஒட்டவும் பழைய கேமராவின் வீடியோவைச் சேர்க்கவும் அது போதுமாக இருந்தது. சுவிட்ச் போட்டால் எழும்புவதற்குள் ஒரு சோறு வடித்துவிடலாம். அதனால் மதினி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கம்பியூட்டர் எழும்பியதும், எடிட் பண்ணுகிற சொப்ட்வெயார் தானாகத் திறந்து, கடைசியாக விட்ட வேலையை விட்ட இடத்திலேயே கொண்டுவந்து காட்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவார், திரும்பி வரும்போது வேலை திரையில் காத்திருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தலையில் கல் விழுந்தது இந்த வழியாகத்தான்.

நான் புதுக் கேமரா வாங்கினேன். படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் கோப்புகளைத் திறந்ததும் கிழட்டுப் பெட்டிக்கு மூச்சு முட்டிவிட்டது. மணப்பெண் கையை உயர்த்துவாள், கை வந்து சேர இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாம். சத்தம் ஓடும், படம் நிற்கும். கோப்புகளைச் சின்னதாக்கி வேலை செய்து பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதைச் செய்யப் போட்டால் பெட்டி நாள் முழுக்க இரைந்துவிட்டு நடுவில் படுத்துக்கொண்டது. முழுக் கம்பியூட்டரையும் மாற்ற வழியில்லை. கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டால் படம் நிற்காமல் ஓடும் என்று மதினி படித்துக் கண்டுபிடித்தார்.

அந்த நேரத்தில் கையில் இருந்தது நாவுல முனவ்வரா ராத்தாவின் மகளுடைய கல்யாணம். முனவ்வரா ராத்தா பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். அவர் நடந்து வந்தால் கதிரைகள் கூடத் தானாக ஒழுங்காகிவிடும் என்று நாவுலயில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர், மகள் கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையோடு வெளிநாடு போகிறாள், இனி எப்போது காண்பேனோ என்று சொல்லித்தான் கேமராவுக்குச் சம்மதித்தார். மகளும் போய்விட்டாள். அங்கிருந்து "வீடியோ ஆயிட்டா" என்று உம்மாவுக்குப் போன் பண்ணுவாள், உம்மா மதினிக்குப் பண்ணுவார், மதினி என் முகத்தைப் பார்ப்பார். இந்தக் கேமராவை ஏன் வாங்கினேன் என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன்.

முதலில் றம்ஸியிடம் கேட்டோம். அதுதான் நாங்கள் செய்த முதல் மடத்தனம். அவன் எங்கள் பெட்டி எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லீவில் வந்த கூட்டாளி ஒருவனின் பெட்டிக்குள், பால்மாவுக்கும் கம்பளிக்கும் நடுவில் வைத்து அந்தச் செங்கலை அனுப்பிவிட்டான். மூடியைத் திறந்து அளந்து பார்த்தோம். கார்ட் எங்கள் கம்பியூட்டரின் வயிற்றை விட நீளம். உயரமும் கூட. அதற்கென்று தனியாக ஒரு கரண்ட் வயர் வேறு வேண்டும். எங்கள் பெட்டியில் அப்படி ஒரு வயரே இல்லை.

"மூடியக் கழட்டிட்டு வெளிய தொங்கப் போடுங்க ராத்தா," என்றான் றம்ஸி போனில்.

"கரண்டுக்கு?"

"அதுக்கு வேற பவர் சப்ளை ஒண்டு வாங்கிப் பக்கத்துல வைங்க."

"அதுக்குப் பக்கத்துல உன்னையும் கொண்டு வந்து வைக்கட்டா?" என்று நான் போனைப் பிடுங்கிக் கேட்டேன். மதினி என்னை முறைத்தார். தம்பி ஆசையாக அனுப்பியதைத் திருப்பிக் கொடுக்கவும் ஏலாது, விற்கவும் மனம் வராது. செங்கல் கண்ணாடி அலுமாரிக்குப் போனது.

அதற்குப் பிறகு மதினி தானே இறங்கிப் படித்தார். எங்கள் பெட்டிக்குப் பொருந்த, கார்டுக்கு மூன்று குணம் வேண்டும். ஒல்லிப் பெட்டி என்பதால் சாதாரணக் கார்டின் பாதி உயரம்தான் இருக்க வேண்டும். தனி வயர் கேட்காமல், செருகுகிற இடத்திலிருந்தே கரண்ட் எடுக்க வேண்டும். என் புதுக் கேமராவின் கோப்புகளை விளங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கிறது. தேடிப் பாருங்கள், தெரியும். அரை உயரத்தில் இருப்பது பழசு, புதுக் கோப்புகளைக் கண்டால் முழிக்கும். புதுசாக இருப்பது முழு உயரம். இரண்டும் சரியாக அமைந்தால் வயர் கேட்கும். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் கூட ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்பார்கள், இங்கே எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. மதினி சாப்பிடும்போதும் போனைச் சோற்றுக் கோப்பைக்குச் சாய்த்து வைத்துக் கார்ட் பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

கடைசியில் மாத்தளைக்குப் போனோம். திருகோணமலை வீதியில் ஒரு சின்னக் கம்பியூட்டர் கடை. நடத்துகிறவர் பெயர் அஜந்தன், முப்பது வயது இருக்கும், தன்மையான மனிதர்.

"மெஷின கொண்டு வந்திருந்தா பாத்தே சொல்லியிருப்பேங்கக்கா," என்றார்.

"மெஷின் வராது தம்பி," என்றார் மதினி.

"ஏன், பாரமா?"

"பாரந்தான்."

மதினி கைப்பையிலிருந்து அளவு நாடாவையும், போனில் எடுத்து வைத்திருந்த பெட்டியின் உள்பக்கப் படங்களையும் எடுத்தார். இது அகலம், இது உயரம், இங்கே வயர் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அஜந்தன் உள்ளே போய்த் தேடி, யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த கார்ட் ஒன்றைக் கொண்டு வந்தார். மூன்று குணமும் இருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல சந்தோஷம். ஆனால் கார்ட்தான் அரை உயரம், அதைப் பெட்டியோடு பூட்டுகிற தகரம் முழு உயரம். அரை உயரத்துக்கென்று இருக்கிற குட்டித் தகரம் யாரிடமோ தொலைந்து போயிருந்தது.

"கண்டியில ஒருத்தர்ட்ட இருக்கும். வந்ததும் சொல்றேன். அப்ப மெஷின கண்டிப்பா கொண்டு வரணும். நானே பூட்டி, ஓடுதான்னு பாத்துத் தாறேன்."

மதினி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வீடியோக்கள் எல்லாம் இருப்பது உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கில். அதைக் கழற்றி வீட்டில் பூட்டிவிட்டு, வெறும் பெட்டியை அனுப்பினால் வாக்கு வாக்காகவே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நானாவைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து, கழற்றுவது எப்படி என்று செய்தும் காட்டினார். ஒரு நாளுமில்லாமல் நானா கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தகரத் துண்டுக்காக நாங்கள் காத்திருந்த காத்திருப்பு இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்டிக்காரர் இன்று நாளை என்றார். முனவ்வரா ராத்தாவின் போன் வந்தால் மதினி எழுந்து நின்றுதான் பேசுவார். அதற்கிடையில் அந்த நிற்கிற ஓடுகிற படத்தோடு மல்லுக்கட்டி, மருதாணி இரவு வரைக்கும் வேலையை நகர்த்தியிருந்தார். அதற்கு மேல் பெட்டி அசையவில்லை. ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

கலேவெலயில் மதினியின் சொந்தத்தில் ஒரு மவுத்து. நானும் அவரும் காலையிலேயே போய்விட்டோம். அந்த நாள் பார்த்துத்தான் தகரம் வந்தது. அஜந்தன் மதினிக்குப் போன் பண்ணியிருக்கிறார், மய்யித்து கிடக்கிற வீட்டில், அழுகைக்கு நடுவில் யார் போனை எடுப்பது. பிறகு நானாவுக்குப் பண்ணியிருக்கிறார். நானாவுக்கு ஒரே உற்சாகம். பெண்சாதி வருவதற்குள் வேலையை முடித்து வைத்துவிட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று, பெட்டியைத் திறந்து, காட்டித் தந்தபடியே கழற்றி, துணியில் சுற்றி, வீட்டு உறுதிப் பத்திரமும் நகையும் இருக்கிற இரும்பலுமாரியில் பிஸ்மி சொல்லி வைத்துப் பூட்டி, பெட்டியைத் தன் த்ரீவீலரில் ஏற்றி மாத்தளைக்குப் போய்விட்டார்.

நாங்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். பெட்டி மேசையில் பழையபடி இருந்தது. நானா வாசலில் நின்றார். என் நானாவுக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும். அஜந்தனின் மிஸ்ட் கோலை வழியிலேயே பார்த்திருந்த மதினி, ஒன்றும் கேட்காமல் இரும்பலுமாரியைத் திறந்து துணியை அவிழ்த்தார். உள்ளே இருந்தது சீடி போடுகிற தட்டு. அதுவும் தட்டையான இரும்புப் பெட்டிதான், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே இருப்பது. மனிதர் பத்திரமாகக் கழற்றிப் பூட்டி வைத்தது அதை.

"ஓன் பண்ணினாங்களா?" என்று மதினி கேட்டார்.

நானா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அஜந்தன் கார்டைப் பூட்டி, கடையின் பெரிய திரையில் மாட்டி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். எழும்ப நேரமெடுக்கும் என்று வேறொரு ஆளைக் கவனிக்கப் போயிருக்கிறார். நானா வெளியே த்ரீவீலரை ஓரமாக்கிவிட்டு வந்து பார்த்தால், வீதியைப் பார்த்திருக்கிற திரையில், விட்ட வேலை விட்ட இடத்தில் வந்து நிற்கிறது. தலையில் முக்காடு இல்லாமல், மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கிற முனவ்வரா ராத்தா.

"நான் பேப்பர எடுத்து மறைச்சேன். அந்தத் தம்பியும் ஓடி வந்து ஓஃப் பண்ணிட்டான். பாவம், அவன் கையெடுத்து மன்னிப்புக் கேட்டான். கடையில நிண்டது ரெண்டு மூணு பேர். எல்லாம் வெளியூர் சிங்கள ஆளுங்க. இது யாரு எவருண்டு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. யாருக்கும் தெரிய வராது மபாஸா."

"நீங்க பாத்தீங்கதானே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானா மேல் கோபம், தகரத்தின் மேல் கோபம், கண்டிக்காரர் மேல் கோபம். ஒன்றும் நடக்காத மாதிரி விட்டுவிடுவோம் என்றுதான் நானும் சொன்னேன். வெறும் தவறுதலுக்கு ஏன் ஊரைக் கூட்ட வேண்டும், வேலையை முடித்துக் கையில் கொடுத்தால் அந்த மனுஷி சந்தோஷப்படுவார் என்றேன்.

"அவங்க என்ன நம்பித்தான் முக்காட்ட எடுத்தாங்க நுஸ்ரா," என்றார் மதினி. "நாளைக்குப் போவோம். மெஷினையும் எடுத்துட்டுப் போவோம். இனி என்ன செய்றதுண்டு அவங்கதான் சொல்லணும்."

கார்ட் ஓடுகிறதா என்று ஒருதரம் போட்டாவது பார்ப்போம் என்று கெஞ்சினேன். மதினி சுவிட்சைத் தொடவில்லை.

மறுநாள் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, எங்கள் சின்னத் திரையையும் மடியில் வைத்துக்கொண்டு, நானாவின் த்ரீவீலரில் நாவுலக்குப் போனோம். நானா வெளியே நின்றுகொண்டார். முனவ்வரா ராத்தா எங்களை உள்ளறைக்குக் கூட்டிப் போய், வீடியோ முடிந்துவிட்டது என்று நினைத்துத் தேத்தண்ணி ஊற்றினார். மதினி கோப்பையைத் தொடாமல், நடந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னார். நானாவைக் குறை சொல்லவில்லை. என் பொறுப்பில் இருந்தது, வெளியே போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்க பாத்தத எனக்குக் காட்டுங்க," என்றார்.

பெட்டியை மேசையில் வைத்து மாட்டினோம். கார்ட் புதுசு வந்தும் எழும்புகிற சோம்பல் மாறவில்லை, தேத்தண்ணி ஆறிப்போனது. அப்புறம் தானாகத் திறந்தது. தானாக அந்தப் படம் வந்தது. ராத்தா கிட்டே வந்து நின்று பார்த்தார்.

"இதையா?"

"ஆமா ராத்தா."

"ஓட விடுங்க."

மதினி பொத்தானைத் தட்டினார். எங்கள் அறையில் அத்தனை நாளும் கல்லாய்ச் சமைந்து நின்ற அந்தச் சிரிப்பு, தண்ணீர் மாதிரி ஓடியது. ராத்தா மகளைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். மகள் மருதாணிக் கையால் உம்மாவின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள். பெண்கள் கைதட்டினார்கள். ராத்தா மகளின் நெற்றியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். மேசைக்கு முன்னால் நின்ற ராத்தாவும் சிரித்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. "நான் இப்படியா இருந்தேன்," என்றார். இன்னொருதரம் போடச் சொன்னார். இன்னும் வெட்டி ஒட்டாமல் கிடந்த மிச்சத்தோடு சேர்த்து, கல்யாணம் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார். மகள் காரில் ஏறுகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நல்லா எடுத்திருக்கீங்க," என்றார் என்னைப் பார்த்து. மதினியிடம் திரும்பினார். "அழிச்சிருங்க மகள்."

"ராத்தா, அந்த இடத்த மட்டும் எடுத்துட்டு மத்தத..."

"எல்லாத்தையும். என் மகள்ட்ட நான் சொல்லிக்கிறேன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க சொல்லாம குடுத்திருந்தா, நான் மவுத்தாகுற வரைக்கும் இதப் பாத்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். சொல்லிட்டீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இனி இதப் பாக்கிற நேரமெல்லாம், எனக்குப் பின்னால யாரோ நிண்டு பாக்கிற மாதிரித்தான் இருக்கும்."

என்னிடம், "கேமராவுல இருக்கா?" என்று கேட்டார். இல்லை, எப்போதோ அழித்தாயிற்று என்றேன். உண்மையும் அதுதான். இருந்திருந்தால் இல்லையென்று பொய் சொல்லியிருப்பேன், இதை இப்போதும் வெட்கப்படாமல் சொல்கிறேன். மதினியிடம் அப்படி ஒரு எண்ணம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. எனக்கு அவர்மேல் அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நேர்மைக்காக ஒரு கல்யாணத்தையே தொலைப்பார்களா?

கம்பியூட்டர் நிச்சயமாகத்தானா என்று கேட்டது. மதினி ராத்தாவைப் பார்த்தார். ராத்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ராத்தா எங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார், மதினியின் தலையில் கை வைத்து துஆச் செய்தார். ஆனால் தேத்தண்ணிக் கோப்பைகள் இரண்டும் அப்படியே இருந்ததை அவரும் கவனிக்கவில்லை, எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

த்ரீவீலரில் மதினி பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாவுல தாண்டியதும் நானாவால்தான் பொறுக்க முடியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கார்ட் எப்படி? ஓடுதா?" என்று கேட்டார்.

மதினி வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடுது," என்றார். "எங்கயும் நிக்கல."